செங்கத்து நடுகற்களும் எல்லைநாட்டு வாழ்வும்

அரசர் பெயரும் போர்க்களப் பெயரும் அறிந்த அளவில் ஒரு நாட்டின் வரலாற்றை அறிந்துவிட்டோம் எனக் கருதுதல் மாணாக்கர் பலர்க்கும் இயல்பு. எல்லைநாட்டு வரலாற்றிற்கு அக்கருத்துச் சிறிதும் பொருந்தாது. ஆண்டுக் காடு திருத்தியோரும், நிரை காத்தோரும், வழி காத்தோருமே நாட்டை நாடாக்கினர். இதற்குச் சான்று காண நெடுந்தொலைவு செல்லவேண்டா. திருவண்ணாமலைக்கு மேற்கே செங்கம் வரை சென்றாற் போதும்.

சவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்டது செங்கம். பாரமகாலின் மேட்டுநிலத்தினின்று கீழைச் சமவெளிக்கு இறங்கும் கணவாய் இதன்கண் உள்ளது. வழி உண்மையின் வணிகரும் வந்தனர், படைகளும் வந்தன. போசள வேந்தன் மூன்றாம் வீரவல்லாளன் பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தன் இருக்கையாகக் கொண்டதும், 1767 செப்டம்பர் மாதத்தில் ஐதர் அலியும் நிசாமும் ஆங்கிலேயரோடு செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் பொருததும் இவ்வழியின் சிறப்பைக் காட்டும்.

இனி, இந்நிலத்தின் பழமையை நோக்குவோம். பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளையுடைய மலைபடுகடாம், செங்கண்மாவில் இருந்த நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறுவது. வழிநெடுகக் காணலாகும் நடுகற்களையும் அந்நூல் சுட்டுகின்றது. பிற்காலத்து நடுகற்கள் பல இப்பகுதியிலேயே கண்டெடுக்கப்பட்டன. அவற்றின் வாசகங்களைத் தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. வட்டெழுத்தில் அமைந்த அவற்றுட் பல பல்லவர் காலத்தன.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் நம் கருத்தைப் பெரிதும் கவர்வது. மகேந்திரவர்மனது முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், வாணகோ அரசர் வழியினர் ஒருவரின் வீரனாகிய கருந்தேவக்கத்தி, தன் எருமைகளைக் காத்துப் பட்டான் என்பது அதன் செய்தி. அவனுடன் நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும் அக்கல்லில் உள்ளன.

இச்சிறு வாசகம் எல்லைநாட்டின் அமைப்பு முழுவதையும் உணர்த்துகின்றது. காஞ்சி வேந்தன் தொலைவில் உள்ளான். அவன் ஆண்டுக்கணக்கு மட்டுமே இங்கு எட்டுகின்றது. நிலத்தை ஆள்வோன் வாணர் குலத் தலைவன். உயிர் கொடுப்போனோ நிரை காப்பவன். மேய்ச்சலையே பெரிதும் நம்பிய புன்செய் நாட்டில் கால்நடையே செல்வம். அஃது ஓட்டிச் செல்லத்தக்க செல்வமாதலின் பூசலும் ஓயாதாயிற்று. தொல்காப்பியர் வெட்சித்திணையுள் நிரைகோடலையும் கல்நாட்டும் முறையையும் கூறியது வெறுங் கற்பனையன்று என்பது இதனால் தெளிவாம்.

அமெரிக்க வரலாற்றாசிரியர் டர்னர், அந்நாட்டின் இயல்பை உருவாக்கியது அதன் எல்லைப்புறமே என 1893-இல் உரைத்தார். ஆயின், முன்னரே அந்நிலத்து வாழ்ந்த செவ்விந்தியர்க்கு அவருரையில் உரிய இடம் இல்லை. நம் எல்லைநாட்டிலோ கல்லே சான்று. பட்டவன் பெயரை, அவன் நாயின் பெயரையுங்கூட, அது மறவாது கூறுகின்றது.

மழையும் வெயிலும் எழுத்தைத் தேய்க்கும். படிக்க அறியாமை அதனினும் விரைந்து அழிக்கும். ஆதலின் தமிழ் பயிலும் நாம், ஏட்டிலுள்ள புறத்திணையோடு வயலோரத்து நடுகல்லையும் படிக்கக் கற்போமாக. அரசர்க்குக் கோபுரங்கள் உள. கருந்தேவக்கத்திக்கு அக்கல் ஒன்றே உளது.