பார்வையற்ற கடைக்காரியும் பழைய கணக்கும்

பெங்களூரு எஸ்.பி. சாலையில் கணினி உதிரிப்பாகக் கடைகள் நெருங்கி நிற்கின்றன. ஒரு சனிக்கிழமை மாலை, அல்சூரில் வாழும் தமிழர் ஒருவர், ஏழாம் வகுப்பில் பயிலும் தம் மகளுடன் அங்குச் சென்றார். அவர் கையில் ஒரு நெகிழ்வட்டு இருந்தது. பிளாப்பி என மக்கள் வழங்கிய அப்பொருளை மகள் அன்றுதான் முதன்முறையாகக் கண்டாள். மூன்று கடைகளில் கைவிரித்தனர். நான்காம் கடைக்காரர் தூசி படிந்த கருவி ஒன்றைத் தேடி எடுத்து, வட்டிலிருந்த கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்.

அவ்வட்டில் இருந்தது 'அல்டிமா நான்கு' என்னும் கணினி விளையாட்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் கேரியட் உருவாக்கிய இது 1985-ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆடுபவர் ஒரு கதைமாந்தராக மாறி, பிரிட்டானியா என்னும் கற்பனை நாட்டில் ஊர் ஊராகத் திரிந்து, எதிர்ப்படுவோருடன் உரையாடியும் போரிட்டும் முன்னேற வேண்டும். இத்தகைய விளையாட்டுகள் பலவற்றில் கொடிய பகைவன் ஒருவனை வீழ்த்துவதே குறிக்கோள். இதிலோ அப்படி ஒருவன் இல்லை. நேர்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு ஆகிய எட்டுப் பண்புகளிலும் தேறுபவர் 'அவதாரம்' ஆகிறார். நம் நாட்டுச் சொல்லையே கேரியட் எடுத்தாண்டார். ஒவ்வொரு பண்புக்கும் ஒரு வழிபாட்டிடமும் மந்திரமும் உண்டு. ஆன்மிகத்துக்குரிய மந்திரம் 'ஓம்'!

பிரிட்டானியாவில் மூலிகை விற்கும் பெண்கள் பார்வையற்றவர்கள். அவர்கள் விலையைக் கூறுவர். எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை நாமே விசைப்பலகையில் தட்ட வேண்டும். இருபது காசுக்கு ஒரு காசு கொடுத்தாலும் மூலிகை கிடைத்துவிடும். எவரும் தடுப்பதில்லை, எச்சரிக்கை மணியும் ஒலிப்பதில்லை. ஆனால் விளையாட்டு அதனைக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அந்தக் கணக்கைத் திரை காட்டுவதில்லை.

1996-இல் கோயம்புத்தூரில் பொறியியல் பயின்றபோது, விடுதித் தோழர் நகலெடுத்துக் கொடுத்த வட்டு அது. விலைக்கு விற்கப்பட்ட பெட்டியில் துணியாலான நாட்டுப்படமும் இரண்டு நூல்களும் இருந்தன. நகலில் அவை இல்லை. நேர்மையைச் சோதிக்கும் விளையாட்டே விலை கொடாமல் கைக்கு வந்ததை அன்று விடுதியில் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. இன்று அது ஜி.ஓ.ஜி. என்னும் இணையக் கடையில் முறைப்படி இலவசமாகக் கிடைக்கிறது; நூல்களின் படிகளும் உடன் வருகின்றன. தந்தை அவற்றை முதலில் படித்தார். பின்பு, பழைய கணினியைப் போல இயங்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருளின் வழியே, தாம் மாணவராக இருந்தபோது சேமித்த ஆட்டத்தைத் திறந்தார்.

அவருடைய வீரன் விட்ட இடத்திலேயே நின்றிருந்தான். பையில் பொன் நிறைய இருந்தது. மகள் வியந்தாள். அரண்மனையில் ஹாக்விண்ட் என்னும் முனிவர் இருக்கிறார். எப்பண்பில் எந்நிலையில் இருக்கிறோம் என்பதை அவர் ஒருவரே கூறுவார். தந்தை 'நேர்மை' என்று கேட்டார். முனிவர் திருடன் எனக் கடிந்துரைத்தார்.

மகள் ஆங்கில எழுத்துகளை ஒருமுறைக்கு இருமுறை படித்தாள்.

"அப்பா, நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"மூலிகைக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காசுதான் கொடுத்தேன் அம்மா. அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்."

"இதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். யாருக்குத் தெரியப்போகிறது?"

தந்தை சற்று நேரம் பேசவில்லை. "அதையேதான் நானும் அன்று நினைத்தேன்" என்றார்.

ஒருமுறை ஏமாற்றியதால் குறைந்ததை மீட்கப் பலமுறை முழு விலை கொடுக்க வேண்டும். அவர் வீரனை மூலிகைக் கடைக்கு நடத்திச் சென்றார். கடைக்காரி விலையைக் கூறினாள். விசைப்பலகையை மகளின் பக்கம் நகர்த்தினார். அவள் முழுத்தொகையையும் தட்டினாள். கடைக்காரி வழக்கம்போல நன்றி கூறினாள். அடுத்தும் வாங்கினர், அதன்பின்னும் வாங்கினர். வீரனிடம் தேவைக்கு மேல் மூலிகை சேர்ந்துவிட்டது.

"இன்னும் எத்தனை முறை, அப்பா?"

"தெரியாது. முனிவரிடம்தான் கேட்க வேண்டும்" என்று கூறி, அவர் மீண்டும் கடை வாயிலில் நுழைந்தார்.

சொற்பொருள்
கைவிரித்தல் – இயலாது எனக் கூறுதல்
கதைமாந்தர் – கதையில் வருபவர்
எடுத்தாளுதல் – எடுத்துப் பயன்படுத்துதல்
கடிந்துரைத்தல் – கண்டித்துக் கூறுதல்

பயிற்சி
1. 'அதையேதான் நானும் அன்று நினைத்தேன்' – தந்தை எதனைக் குறிப்பிடுகிறார்?
2. பழைய ஆட்டத்தை அழிக்காமல் தொடர்ந்தது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
3. இவ்விளையாட்டின் தொடக்கத்தில் ஒரு வினா உண்டு: எண்ணாமல் ஒப்படைத்த பொற்காசுப் பையை உரியவரிடம் கொண்டு செல்கிறீர், வழியில் ஓர் இரவலர் எதிர்ப்படுகிறார். ஒரு காசு எடுத்து அவருக்குக் கொடுப்பீரா? வீட்டாருடன் தமிழில் உரையாடி, அவர்களின் விடையையும் எழுதி வருக.