தெருவை வரைந்த பெண்கள்

ஒரே தெருவில் நாலு வீட்டில் மார்பகப் புற்றுநோய் என்றால் நாம் என்ன செய்வோம்? "தண்ணி சரியில்ல", "எல்லாம் மருந்தடிச்ச வினை" என்று திண்ணையில் பேசிவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவோம். நியூயார்க் பக்கத்தில் லாங் ஐலண்ட் என்ற தீவில் உள்ள பெண்கள் அப்படிப் போகவில்லை. பேச்சை வரைபடமாக்கினார்கள்.

1992இல் அங்கே வெஸ்ட் இஸ்லிப் ஊரில் லொரைன் பேஸ் என்பவருக்கு இந்த நோய் வந்தது. அக்கம்பக்கத்திலும் பலருக்கு இருந்தது. அவரும் தோழிகளும் வீடு வீடாகக் கேட்டு, நோய் வந்த வீடு, வராத வீடு என்று ஊர்ப் படத்தில் குறித்தார்கள். ஹண்டிங்டன் போன்ற பக்கத்து ஊர்களும் பின்தொடர்ந்தன.

அவர்களுக்குச் சந்தேகம் எதன் மேல்? குடிநீர், குப்பைக் கிடங்கு, மின்கம்பி, பூச்சிக்கொல்லி. காரணமில்லாத பயம் இல்லை. அது உருளைக்கிழங்கு விளைந்த மண். கிழங்கு வயலில் போட்ட ஆல்டிகார்ப் என்ற நஞ்சு நிலத்தடி நீரில் இறங்கியிருப்பது 1979இல் தெரிந்தது. அதற்கும் முன்னால், 1957இல், அந்துப்பூச்சியை ஒழிக்க விமானத்திலிருந்து டி.டி.டி. தெளித்தார்கள். அங்கே இயற்கைத் தோட்டம் போட்டிருந்த மார்ஜோரி ஸ்பாக்கும் மற்றவர்களும் வழக்குப் போட்டுத் தோற்றார்கள். ஆனால் அவர் திரட்டிய தகவல்கள் ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய 'மௌன வசந்தம்' நூலுக்கு உதவின.

பெண்கள் விடாமல் கேட்டதால் 1993இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஆய்வுக்குச் சட்டமே போட்டது. நோய் வந்தவர் சுமார் 1,500 பேர், வராதவர் சுமார் 1,500 பேர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். 2002இல் முடிவு வந்தது: ரத்தத்தில் இருந்த டி.டி.டி. எச்சத்துக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. புகையிலும் கரியிலும் வரும் சில வேதிப்பொருட்களோடு மட்டும் ஓரளவு தொடர்பு தெரிந்தது.

அப்போ, அந்தப் பெண்கள் சொன்னது தப்பா? அவசரப்படாதீங்க. அளந்தது நோய் வந்தபிறகு எடுத்த ரத்தத்தை. கலிபோர்னியாவில் 1959 முதல் 1967 வரை எடுத்துப் பாதுகாத்த ரத்தத்தை வேறொரு குழு சோதித்து, 2007இல் முடிவை வெளியிட்டது. 14 வயதுக்கு முன்பே டி.டி.டி.க்கு ஆளானவர்களில், ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 5 மடங்கு இருந்தது. எவ்வளவு நஞ்சு என்பதோடு, எந்த வயதில் என்பதும் கேள்வி.

நம் ஊரில் இப்படி ஒரு படம் வரைய நினைத்தால் நான்கு விஷயங்களை மறக்க வேண்டாம்.

ஒன்று, நோய் வராத வீட்டையும் குறியுங்கள். 10 வீட்டில் 3 என்பதும் 300 வீட்டில் 3 என்பதும் ஒன்றல்ல.

இரண்டு, இன்றைய வீட்டோடு நிற்காதீர்கள். "சின்னப் பிள்ளையா இருந்தப்ப எந்த ஊரு? அப்போ வயல்ல என்ன அடிச்சாங்க?" என்று கேளுங்கள். கல்யாணமாகி வந்த பெண்ணின் பாதிக் கதை பிறந்த ஊரில் இருக்கும். இந்தியாவில் விவசாயத்துக்கு டி.டி.டி. தடையானது 1989இல்தான்.

மூன்று, கண்ணால் கண்டதை ஒரு நிறத்திலும் சந்தேகத்தை வேறு நிறத்திலும் போடுங்கள். படம் தீர்ப்பு அல்ல, கேள்வி.

நான்கு, சம்மதம் இல்லாமல் எந்தப் பெண்ணையும் குறிக்காதீர்கள். பேர் வேண்டாம். நாளைக்கு அவள் மகளுக்கு வரன் பார்க்கையில் அந்தப் புள்ளி குறுக்கே நிற்கக் கூடாது.

மார்பில் கட்டி தட்டுப்பட்டால் படம் முடியட்டும் என்று காத்திருக்காதீங்க, உடனே டாக்டரிடம் காட்டுங்க. அதேபோல நஞ்சை நிறுத்தவும் ஆய்வு முடிவு வரக் காத்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் விளையாடும் வரப்பில் இன்றைக்கே தெளிப்பானை இறக்கி வைக்கலாம்.