தளர்ந்த அம்மாவுக்குப் பயிற்சி தேவையா?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. விறகடுப்புப் புகையால் சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) வந்திருக்கிறது. உடல் மெலிந்து, பாத்ரூம் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. டாக்டரோ நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார். தாங்குவாரா?

பதில்: டாக்டர் சொல்வது சரி. மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிட்டால் தொடைத்தசை கரையும். பிறகு நாலடி நடந்தாலே இன்னும் அதிகமாக இரைக்கும். இன்ஹேலர் மூச்சுக்குழாயைத் திறக்கும், தசையை வளர்க்காது.

லண்டனில் 816 சி.ஓ.பி.டி. நோயாளிகளைக் கவனித்து 2016-இல் வெளியான ஆய்வில், கால்வாசிப் பேர் உடல் தளர்ந்தவர்கள். பயிற்சியை முடித்த தளர்ந்தவர்களில் பத்துக்கு ஆறு பேர் அந்தத் தளர்நிலையிலிருந்தே மீண்டார்கள். ஆனால், பாதியில் நிற்பவர்களும் தளர்ந்தவர்களில்தான் அதிகம். இடையில் நெஞ்சுச்சளி, காய்ச்சல், ஆஸ்பத்திரி என்று ஏதாவது வந்துவிடும். ஆகவே துணைக்கு ஆள் முக்கியம், அது நீங்கள்தான்.

பயிற்சி பெரும்பாலும் வாரம் இரண்டு நாள், ஆறு முதல் எட்டு வாரம். முதலில் நடைச் சோதனை செய்து, அதற்கேற்பத் தொடங்குவார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதும் பயிற்சிதான். பேச முடிகிற அளவு மூச்சு வாங்கினால் பயப்பட வேண்டாம். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். முட்டை, பருப்பு, பால் குறையக் கூடாது. கஞ்சி மட்டும் கொடுத்தால் தசை வராது. விறகடுப்புப் பக்கம் அவரை விடாதீர்கள்.