குறை சொல்லாத வாடிக்கையாளர்

கடை நடத்தும் நாம் அனைவரும் அனுபவத்தில் கண்ட உண்மை ஒன்று உண்டு. வாய்விட்டுக் குறை சொல்லும் வாடிக்கையாளரால் நமக்குப் பெரிய நஷ்டமில்லை. அவர் மறுநாளும் வருவார். ஒன்றும் சொல்லாமல் சிரித்த முகத்தோடு படியிறங்கி, அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்டாமல் போய்விடுகிறாரே, அவரால்தான் நஷ்டம். இந்த வியாபார உண்மையை அளவுகோலாகக் கொண்டு, மார்பகப் புற்றுநோய்க்கு வெளிநோயாளராகச் சிகிச்சை பெறும் பெண்கள் அச்சிகிச்சையில் திருப்தி அடைகிறார்களா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

மலேசியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையின்படி, இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டறியப்பட்டனர். தொடக்கத்திலேயே கண்டு முறையாகச் சிகிச்சை செய்தால் பெரும்பாலோர் பிழைக்கக்கூடிய நோய்க்கு இந்த நிலை என்றால், வருந்தாமல் இருக்க முடியுமா?

வெளிநோயாளர் என்றதும், ஒரு நாள் போய் மருந்து வாங்கி வரும் காரியம் என்று எண்ணிவிடலாகாது. அறுவைச் சிகிச்சைக்குச் சில நாட்கள் படுக்கையில் இருந்தால், மற்றவை பெரும்பாலும் வந்துபோய்ச் செய்துகொள்வனவே. மருந்தேற்றுதல் பலருக்கு 21 நாட்களுக்கு ஒருமுறையாகப் பல மாதங்கள் நடக்கும். கதிர்வீச்சு வேண்டியவர்கள் சில வாரங்கள் நாள்தோறும் செல்ல வேண்டும். ஹார்மோனால் வளரும் கட்டியாயின் 5 ஆண்டுகளோ அதற்கு மேலோ மாத்திரை உண்ண வேண்டும். நம் பாஷையில் சொன்னால் இது ரொக்க வியாபாரம் அல்ல, ஐந்தாண்டுப் பற்றுவரவு.

சுங்கை சிப்புட் பக்கத்தில் பழைய ரப்பர்த் தோட்டமொன்றில் வாழும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் தோட்டங்களில் சிறு மருந்தகமும் டிரெஸ்ஸரும் இருந்தனர். காய்ச்சல் என்றால் லயத்திலிருந்து நடந்தே போகலாம். பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின. பிள்ளைகள் பட்டணம் போனார்கள். இன்று பெரிய சிகிச்சைக்கு அவர் ஈப்போவிலுள்ள ராஜா பெர்மைசூரி பைனுன் அரசு மருத்துவமனைக்குத்தான் வரவேண்டும். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் சொற்பமே. ஆனால் வாடகை வண்டிச் செலவு, இழந்த நாட்கூலி, துணைக்கு வந்தவரின் கூலி ஆகியவற்றை எந்தப் பேரேட்டில் எழுதுவது?

நெடுநேரம் காத்திருந்து மருத்துவரைக் காண்கிறார். மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லப்பட்டது பாதிதான் விளங்குகிறது. "ஏதாவது கஷ்டம் உண்டா?" என்று கேட்டால், "ஒன்றுமில்லைங்க டாக்டர்" என்கிறார். இதைத் திருப்தி என்று எழுதிக்கொள்ளலாமா? மரியாதை ஒரு பக்கம், நன்றி ஒரு பக்கம், கேட்டால் கோபிப்பார்களோ என்ற பயம் ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்து வாயை அடைத்துவிட்டன. வாந்தியைப் பற்றியும் முடி உதிர்வதைப் பற்றியும் கேட்க நினைத்தவை மனத்திலேயே தங்கிவிடுகின்றன. அடுத்த தவணைக்கு அவர் வராமற்போகும் நாளில்தான், அவருக்குத் திருப்தி இருக்கவில்லை என்பது வெளிப்படும்.

ஆகவே, "நன்றாக இருந்ததா?" என்னும் பொதுக்கேள்வி பயன்படாது. ஐரோப்பியப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பார் வெளிநோயாளருக்கென்றே 35 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை வகுத்துள்ளனர். மருத்துவர் விளக்கிச் சொன்னாரா, தாதியர் அன்பாக நடந்தனரா, எவ்வளவு நேரம் காத்திருக்க நேர்ந்தது, இடத்தை எளிதாகக் கண்டுபிடிக்க முடிந்ததா என்று அது ஒவ்வொன்றாக விசாரிக்கிறது. சரக்கு, எடை, விலை என்று தனித்தனியே கேட்டால்தானே வாடிக்கையாளரின் மனம் தெரியும்?

கேட்டறிந்து குறையைத் தீர்த்தால் பலன் உண்டா? நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 2014-இல் வழித்துணைத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. நோயாளியோடு தொடர்பு வைத்து, தேதியை நினைவூட்டி, ஐயம் தீர்த்து, செலவுக்கும் வழி சொல்லும் தாதியரே அதன் உயிர். முன்பு 7 நாட்களுக்குள் மார்பகப் படம் எடுக்கப்பட்டவர்கள் நூற்றுக்கு 74 பேர். திட்டம் வந்தபின் 96 பேர். சிகிச்சையை விட்டு விலகியவர்கள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் இருந்தது, 4 பேர் அளவுக்குக் குறைந்தது.

இதிலிருந்து வணிகர்களாகிய நாம் கொள்ளவேண்டிய பாடங்கள் மூன்று.

முதலாவது, நம் கடையில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சிகிச்சைத் தவணை வந்தால், கூலி பிடிக்காமல் விடுமுறை கொடுப்போம். தாயையோ மனைவியையோ அழைத்துச் செல்லும் ஊழியருக்கும் அவ்வாறே செய்வோம். சரக்கு ஏற்ற ஈப்போ செல்லும் நம் வண்டியில் ஓர் இடம் கொடுப்பது பெரிய காரியமன்று.

இரண்டாவது, துணைக்குப் போகிறவர் மொழி அறிந்தவராக இருக்கட்டும். கேட்கவேண்டியவற்றை முதல்நாளே தாளில் எழுதி எடுத்துச் செல்லட்டும். திரும்பி வந்ததும், "டாக்டர் என்ன சொன்னார்? மறுதேதி எது? எது விளங்கவில்லை?" என்று கேட்போம்.

மூன்றாவது, நம் வீட்டுப் பெண்கள். கட்டியைக் கண்டும் கூச்சத்தால் மறைத்து மாதங்களைக் கடத்துவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர். பரிசோதனையின்போது பெண் தாதி உடனிருக்க வேண்டுமென்று கேட்பதில் தவறில்லை. கேளாமல் வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் தவறு.

குறையைப் பணிவோடு எடுத்துச் சொல்வது நன்றிகேடு ஆகாது. சொல்லப்பட்ட குறையைத் திருத்தலாம். மறைக்கப்பட்ட குறையை யார் திருத்துவது? கல்லாவில் அமர்ந்து வாடிக்கையாளரின் முகக்குறிப்பை அறியப் பழகிய நாம், நம் வீட்டிலும் கடையிலும் உள்ள பெண்களின் மௌனத்தையும் அறியப் பழகுவோமாக.