ஸ்டுத்லாகில்: எந்த மாதம், எந்தக் கரை?

கேள்வி: நாங்கள் லண்டனில் இருக்கிறோம். கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அம்மா வருகிறார். 66 வயது, சமதளத்தில் நன்றாக நடப்பார், முழங்கால் வலி உண்டு. ஐஸ்லாந்தின் ஸ்டுத்லாகில் பள்ளத்தாக்குப் படத்தைப் பார்த்ததிலிருந்து என் 9 வயது மகன் அங்கே போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். ஜூலை மூன்றாம் வாரம் பள்ளி விடுமுறை தொடங்குகிறது. ஆனால் ஆகஸ்ட் கடைசியில்தான் விமானக் கட்டணம் குறைவு. அப்போதும் ஆறு அதே நீலத்தில் இருக்குமா? க்ருண்ட் பக்கம்தான் சுலபம் என்கிறாள் தோழி. அம்மாவை அழைத்துப் போகலாமா? அவர் சேலைதான் கட்டுவார்.
– வாசகி, லண்டன்

பதில்: கட்டணம் கொஞ்சம் கூடினாலும் ஜூலையிலேயே போய்விடுங்கள். ஆகஸ்ட் கடைசியில் போனால் உங்கள் மகன் படத்தில் பார்த்த ஆறு அங்கே இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

அந்த ஆற்றின் பெயர் யோக்லா. வட்னயோகுல் என்னும் பெரும் பனிப்பாறையின் வடக்கு விளிம்பில் பிறந்து வருவது. பனிப்பாறை நகரும்போது அடியிலுள்ள பாறையை மாவாக அரைத்துவிடும். அந்த மாவையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்ததால் ஐஸ்லாந்தின் மிகக் கலங்கலான ஆறுகளில் ஒன்றாக இருந்தது யோக்லா. நீங்கள் பார்க்கப்போகும் கல்தூண்களின் பெரும்பகுதி அந்தச் சாம்பல்நிற வெள்ளத்துக்குள் மூழ்கிக் கிடந்தது. ஆற்றின் மேற்பகுதியில் கௌராஹ்ன்யூகர் என்ற இடத்தில் ஏறக்குறைய 200 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டி, 2006 செப்டம்பரில் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். பனிப்பாறை நீர் சுரங்கங்கள் வழியே 690 மெகாவாட் மின்நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டது. பள்ளத்தாக்கில் நீர்மட்டம் ஏழெட்டு மீட்டர் இறங்கியது. இப்போது அங்கே ஓடுவது ஊற்றுகளும் சிற்றோடைகளும் தரும் நீர். அதனால்தான் அந்த நீலப்பச்சை.

ஹௌல்ஸ்லோன் என்னும் அந்த நீர்த்தேக்கம் கோடை முழுவதும் பனி உருகி நிரம்பிக்கொண்டே வரும். கடல்மட்டத்திலிருந்து 625 மீட்டரைத் தொட்டதும் நிரம்பி வழியும். வழிந்த நீர் பழைய தடத்திலேயே பாய்ந்து வந்து பள்ளத்தாக்கைப் பழுப்பாக்கிவிடும். தூண்களின் அடிப்பகுதியும் மூழ்கும். பெரும்பாலும் இது ஆகஸ்டில் தொடங்கும், சில ஆண்டுகளில் தள்ளிப்போகும். லேண்ட்ஸ்விர்க்யுன் என்ற அரசு மின் நிறுவனம் நீர்மட்டத்தைத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. பயணச்சீட்டு வாங்கியபின் அதைப் பார்த்துக்கொண்டே இருங்கள். மே மாதமும் ஜூன் தொடக்கமும்கூடப் பனியுருகலால் கலங்கல்தான். பாதையோரம் வாத்துகள் கூடு கட்டி அடைகாக்கும் காலமும் அதுவே. ஜூன் கடைசி முதல் ஜூலை முடிய உள்ள நாட்கள்தான் நம்பிப் போகத் தக்கவை.

அடுத்தது, எந்தக் கரை. இங்கே உங்கள் தோழியோடு எனக்கு உடன்பாடில்லை. க்ருண்ட் கரையில் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து நடை மிகக் குறைவு, உண்மைதான். ஆனால் பார்வை மேடைக்கு 200-க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், திரும்ப ஏறவும் வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அதைவிடச் சோதனை இல்லை. அவ்வளவு இறங்கியும் ஆற்றைத் தொட முடியாது.

எதிர்க்கரையான க்ளோய்ஸ்துர்செல் பண்ணைப் பக்கம் போங்கள். பண்ணைப் பாலத்தருகே நிறுத்தினால் ஒருவழி ஏறக்குறைய 5 கி.மீ.; பாலம் தாண்டி உள்ளே இருக்கும் நிறுத்துமிடம் வரை வண்டி போனால் அதில் பாதிதான் நடை. பாலம் குறுகலானது, ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். முன்னே உள்ள அறிவிப்பைப் படித்துவிட்டு ஏறுங்கள். பாதை அகலமான சரளைப் பாதை, சின்னச் சின்ன மேடுபள்ளங்கள் மட்டும். வழியில் ஸ்டுத்லாஃபோஸ் அருவி வரும். அங்கேயும் பாறை தூண்தூணாகத்தான் நிற்கும். அம்மா உட்கார்ந்து மூச்சுவிட நல்ல இடம்.

பையன் கட்டாயம் கேட்பான்: இதையெல்லாம் யார் செதுக்கியது? எரிமலைக் குழம்பு ஆறும்போது சுருங்குகிறது. கோடையில் வற்றிய ஏரியின் களிமண் வெடிப்பதுபோல மேற்பரப்பு விரிசல் விடுகிறது. பாறை உள்ளே குளிரக் குளிர விரிசலும் உள்நோக்கி இறங்கிக்கொண்டே போகிறது. பெரும்பாலும் ஆறு பக்கம், சில ஐந்து, சில ஏழு. அவனையே எண்ணச் சொல்லுங்கள். குளிர்ந்த பரப்பு எந்தப் பக்கம் இருந்ததோ அதற்குச் செங்குத்தாகத்தான் தூண் வளரும். சில இடங்களில் அவை வளைந்தும் சாய்ந்தும் கிடப்பது அதனால்தான். அணையைப் பற்றியும் சொல்லுங்கள். மேலே 57 சதுர கி.மீ. நிலம் நீருக்குள் போனதால்தான் கீழே இந்தத் தூண்கள் வெளிவந்தன. அந்த நிலத்துக்காக 2006-இல் ஓமர் ரக்னர்சன் என்ற பத்திரிகையாளரின் முன்முயற்சியில் ரெய்க்யாவிக்கில் பல்லாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். ஒன்பது வயதில் இது புரியும். நீலத்தை மட்டும் காட்டிவிட்டு அழைத்து வருவது அந்த ஆற்றுக்கு நியாயமாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

பாதையின் கடைசியில்தான் கவனம் வேண்டும். ஆற்றை நெருங்க, பாறைகளைப் பிடித்துச் சரிவில் இறங்க வேண்டும். அம்மா இறங்க வேண்டாம். மேல்விளிம்பிலிருந்தே பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும், பெரியவர் ஒருவர் அவருடன் இருக்கட்டும். பையனை அழைத்து இறங்குபவர் அவன் கையை விடவே கூடாது. தடுப்புக் கம்பி கிடையாது. ஈரமான எரிமலைக்கல் கடுமையாக வழுக்கும், நீர் உறைகுளிர், இழுப்பும் பலம். முந்தின இரவு மழை பெய்திருந்தால் யாருமே இறங்காதீர்கள். மேலே பாசி படர்ந்த இடங்களில் கால் வைக்காமல் பாதையிலேயே நடங்கள். ஒருமுறை மிதிபட்ட பாசி மீண்டும் தழைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

சேலை வேண்டாம் என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அங்கே காற்று விடாமல் வீசும், நனைந்த சேலை காலைச் சுற்றும். கம்பளி உள்ளாடை, அதன்மேல் சுடிதார், எல்லாவற்றுக்கும் மேலே மழைக்குத் தாங்கும் கால்சட்டையும் மேலங்கியும். அடிப்பாகம் நன்கு பிடிக்கும் காலணி எல்லோருக்கும் வேண்டும். அம்மாவுக்கு ஒரு ஊன்றுகோல்.

ரெய்க்யாவிக்கிலிருந்து ஒரே நாளில் போய் வர முடியாது. சாலைவழி 600 கி.மீ.க்கு மேல். உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரத்தில் எகில்ஸ்தாதிர் போய், அங்கே கார் எடுத்துக்கொள்வது அம்மாவுக்கு நல்லது. அங்கிருந்து பள்ளத்தாக்கு சுமார் 70 கி.மீ. காரை விட்டு இறங்கும்போது கதவைக் கையால் பிடித்துக்கொண்டே திறங்கள். காற்றில் கதவு பிய்ந்தால் வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் ஈடு தராது. ஜூலையில் இரவு ஒன்பதுக்கும் வெளிச்சம் இருக்கும். சுற்றுலாப் பேருந்துகள் திரும்பியபின், மாலை ஆறு மணிக்கு மேல் நடையைத் தொடங்கலாம். எகில்ஸ்தாதிரில் இரண்டு இரவாவது அறை எடுங்கள். முதல் நாள் மழை பிடித்துக்கொண்டால் மறுநாள் கையில் இருக்கும்.