அறுக்கிற கைக்கும் பத்திரம்

புளியங்குளத்தில் இறைச்சிக்கடை வைத்திருக்கும் நண்பர் கேட்டார்: "நானா, கடைக்கு லைசன்ஸ் இருக்கு. அறுக்கிற பொடியனுக்கும் வேணுமா?"

நம் நாட்டில் 1893ஆம் ஆண்டின் இறைச்சிக்கடைச் சட்டம் தொழிலுக்குத்தான் அனுமதிப்பத்திரம் கேட்கிறது, கைத்திறனைப் பரீட்சிப்பதில்லை. 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டமோ வதைத்த பிறகுதான் வரும்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு விதிகளின்படி மடுவத்தில் அறுப்பவருக்கே தகுதிச் சான்றிதழ் வேண்டும். மிருக வைத்தியர் நேரில் நின்று பார்த்துத்தான் சிபாரிசு செய்வார். ஆட்டுக்குப் பெற்றது மாட்டுக்குச் செல்லாது. ஹலால் அறுவையென்றால் ஒவ்வொரு பிராணிக்கு முன்பும் கத்தியைச் சோதிக்கவேண்டும். அறுத்தபின் உணர்வு போகும்வரை, ஆட்டை 20, மாட்டை 30 விநாடியாவது அசைக்கக்கூடாது. கத்தியைத் தீட்டுங்கள், பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள் என்பது நமக்கென்ன புதுச்செய்தியா?

"பொடியனை ஒருநாள் மிருக வைத்தியரிடம் அனுப்பும்" என்றேன். "அன்றைய கூலி?" என்றார். பயந்து களைத்த மாட்டின் இறைச்சி கறுத்து, சீக்கிரம் பழுதாகும். அந்த நட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.