உயிர் காக்கும் மூன்று வினாக்கள்

நுழையும்முன்

காய்ச்சலுடன் மருத்துவமனைக்கு வருவோர் பலர். அவர்களுள் எவருடைய உயிர் பேராபத்தில் உள்ளது என்பதைச் சில நிமிடங்களில் அறிவது எங்ஙனம்? அதற்கான வழியொன்றை விளக்குகிறது இப்பாடம்.

வடசென்னை உழைப்பாளர் வாழும் பகுதி. துறைமுகத் தொழிலாளரும் இராயபுரத்து மீனவரும் திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளரும் நோயுற்றால் நாடும் இடங்களுள் ஒன்று அரசு ஸ்டான்லி மருத்துவமனை. 1782இல் பஞ்சத்தால் வாடியோர்க்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே இதன் தொடக்கமாகும்.

நீரிழிவு நோயுள்ள தொழிலாளி ஒருவரின் காலில் ஆணி குத்தியதாகக் கொள்க. ஒருநாள் கூலியை இழக்க அஞ்சி, காய்ச்சலைப் பொறுத்துக்கொண்டு உழைக்கிறார். மூன்றாம் நாள் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வரப்படுகிறார். புண் சிறியது, காய்ச்சலும் மிதமானதே. எனினும் பேச்சு தடுமாறுகிறது. கிருமியை எதிர்த்தெழுந்த உடலின் தற்காப்பு ஆற்றல், கட்டுமீறி அவருடைய உறுப்புகளையே சிதைக்கத் தொடங்கியிருக்கலாம். இந்நிலையே ‘செப்சிஸ்’ எனப்படுகிறது.

வினாவும் மதிப்பெண்ணும்

இந்நிலையில் உள்ளோரின் இறப்பு அபாயத்தைக் கணிக்க, 2016இல் ‘கியூசோஃபா’ என்னும் எளிய அளவீடு வெளியிடப்பட்டது. அதில் மூன்று வினாக்கள் உள்ளன:

1. மூச்சு எண்ணிக்கை நிமிடத்திற்கு 22 அல்லது அதற்கு மேல் உள்ளதா?
2. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழ் உள்ளதா?
3. நினைவுத் தெளிவு மாறியுள்ளதா?

ஒவ்வோர் ‘ஆம்’ என்னும் விடைக்கும் ஒரு மதிப்பெண். இரண்டோ மூன்றோ பெற்றவருக்கு ஆபத்து மிகுதி. அவரை முதலில் கவனித்தல் வேண்டும்.

எனினும், குறைந்த மதிப்பெண் நலத்திற்கு உறுதியாகாது. தொடக்க நிலையிலுள்ள செப்சிஸ் இவ்வளவீட்டிற்குத் தப்பிவிடக்கூடும். ஆதலால், இதனை மட்டுமே நம்பி நோயைக் கண்டறிய முயலலாகாது என 2021ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டுதல் அறிவுறுத்தியது. நாடித்துடிப்பு, உடல்வெப்பம், குருதியின் லாக்டேட் அளவு ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்வர். செப்சிஸுடன் அதிர்ச்சி நிலையும் தோன்றின், ஒரு மணி நேரத்திற்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தப்பட வேண்டும்.

உறவினரின் பங்கு

மூச்சையும் அழுத்தத்தையும் செவிலியர் அளந்துவிடுவார். நோயாளியின் இயல்பான பேச்சு எத்தகையது என்பதை, முதன்முறை காணும் மருத்துவர் அறியார், வீட்டார் அறிவர். “இவர் இப்படிப் பேசுபவர் அல்லர்” என மனைவி கூறும் ஒரு சொல், மூன்றாம் வினாவிற்கு விடையாகிறது. அதனைத் தயங்காமல் கூறுவதும், செவிமடுத்துக் கேட்பதும் உயிர் காக்கும் செயல்களே.

தெரிந்து தெளிவோம்

2017இல் உலகில் ஏறத்தாழ 4.89 கோடிப் பேர் செப்சிஸால் பாதிக்கப்பட்டனர். அதனோடு தொடர்புடைய இறப்புகள் 1.1 கோடி என மதிப்பிடப்பட்டுள்ளது. செப்டம்பர் 13 உலக செப்சிஸ் நாள்.

கற்பவை கற்றபின்

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணிக் குறிக்க. அரை நிமிடம் எண்ணி இரட்டித்த விடையுடன் அதனை ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.